டைல்ஸுக்குப் பின்னால் என்ன ஓடுது?

குளியலறைச் சுவரில் உளி விழுந்து முதல் டைல்ஸ் பெயர்ந்து வருகிற நொடி இருக்கிறதே, அந்த நொடியில் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் வாசலில் கூடிவிடுவார்கள். அடுப்பில் பால் வைத்தவர், ஆன்லைன் மீட்டிங்கில் இருந்தவர், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, எல்லாரும்! வருஷக்கணக்காகத் தினமும் குளித்த அறைதான். ஆனால் அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் பார்த்ததில்லை. தூசி அடங்கியதும் பிளம்பர் அண்ணன் விரலால் சிமென்ட்டைச் சுரண்டுகிறார். சந்தன நிறத்தில் ஒரு குழாய் தெரிகிறது. அதன் முனையில் பித்தளை மரை வைத்த ஒரு எல்போ. அந்த எல்போவின் கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். கண் சிமிட்டாமல் பார்த்தால் மட்டும் தெரிகிற வேகத்தில் அந்தக் கீறலில் ஒரு முத்து திரண்டு வழிகிறது.

"இதுதான் மேடம். இத்தனை நாளா கீழ்வீட்டு சீலிங்க நனைச்சவரு இவருதான்."

அந்த எல்போவின் விலை கடையில் சுமார் நூற்றைம்பது ரூபாய். ஆனால் வேலை முடியும்போது வீட்டுக்காரர் கையிலிருந்து போகும் தொகை பத்தாயிரத்தை ஒட்டி நிற்கும். நூற்றைம்பதுக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளிக்குள் புகுந்து பார்க்கலாம், வாருங்கள். சென்னையில் பிளம்பர்களின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு மொட்டை மாடி, ஷாஃப்ட், சம்பு, ஹார்டுவேர் கடை என்று சுற்றி வந்த பரவசம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. நம் வீட்டுக்குள்ளேயே இப்படியோர் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறதே!

மேலே ஏறலாம் வாங்க

முதலில் மொட்டை மாடி. பெரும்பாலான வீடுகளில் தெருக் குழாயில் வரும் தண்ணீருக்கு மாடி ஏறும் தெம்பு கிடையாது. அதனால் அது நேராகச் சம்பில் இறங்கிவிடுகிறது. அங்கிருந்து மோட்டார் அதை மேல் தொட்டிக்குத் தள்ளுகிறது. அதற்கப்புறம் நம் வீட்டுக் குழாயில் தண்ணீரை வரவைப்பது மோட்டார் இல்லை. வெறும் உயரம்தான்! பத்து மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ பிரஷர். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்பதைத்தான் பிளம்பர்கள் இப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள்.

மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் மாடி ஷவருக்கும் தொட்டியின் அடிமட்டத்துக்கும் நடுவே மூன்று மீட்டர்தான் உயரம் இருக்கும். அழுத்தம் அரை கிலோ கூட இல்லை. தரைத்தளத்துக் குழாய்க்கோ பன்னிரண்டு, பதின்மூன்று மீட்டர். ஒரே தொட்டி, ஒரே தண்ணீர். மேல் வீட்டுக்காரர் ஷவருக்கு அடியில் நின்று தலையைத் தடவிக்கொண்டிருப்பார், கீழ் வீட்டில் குழாய் சீறும். "வாஷர் போச்சு, ஸ்பிண்டில் போச்சு" என்று கீழே இருப்பவர் கூப்பிடுவதும், "தண்ணி வேகமே இல்ல" என்று மேலே இருப்பவர் கூப்பிடுவதும் ஒரே காரணத்தின் இரண்டு முனைகள். இதைக் கேட்டபோது நான் துள்ளிக் குதிக்காத குறை!

மேல் வீட்டுக்காரர் உடனே பிரஷர் பம்ப் வாங்கி மாட்டுவார். அடுத்த சில வாரங்களில் அவர் வீட்டுச் சுவரிலேயே ஈரம் பூக்கும். பம்ப்பின் மேல் தப்பில்லை. அரை கிலோவுக்கும் குறைவான அழுத்தத்தில் இத்தனை வருஷம் சமர்த்தாக இருந்த ஒரு சுமாரான ஜாயின்ட், திடீரென்று இரண்டு கிலோவைத் தாங்கச் சொன்னதும் கையை விரித்துவிடுகிறது. அதனால்தான் நல்ல பிளம்பர்கள் பம்ப் மாட்டும் முன் லைனைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு இணங்கிவிடுங்கள்.

மாடியில் இன்னொரு காட்சி. தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களின் வரிசை. வெயிலில் கிடந்து கிடந்து மேலே வெளுத்துப் போயிருக்கும். நகத்தால் கீறினால் மாவு மாதிரி உதிரும். சூரியனின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை மொறுமொறுப்பாக்கிவிடும். எதேச்சையாகக் கால் பட்டாலே மடக்கென்று உடையும். வெயில் படும் குழாய்க்கு வெள்ளை நிற வாட்டர் பேஸ் பெயிண்ட் இரண்டு கோட் அடித்துவிட்டால் அதன் ஆயுள் எவ்வளவோ கூடும். இவ்வளவு மலிவான காப்பு வேறெந்த வேலையிலும் இல்லை. ஆனாலும் பெயிண்ட் அடித்த குழாயை நான் பார்த்த மாடிகள் மிகக் குறைவு.

எப்ப நனையுது?

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. துப்பறியும் வேலை!

கீழ்வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு. உடனே உளியைத் தூக்குகிறவர் கற்றுக்குட்டி. அனுபவஸ்தர் முதலில் ஒரே கேள்விதான் கேட்பார்: "எப்ப நனையுதுக்கா? நாள் பூரா ஈரமா, குளிச்சப்புறம் ஈரமா, மழை பேஞ்சா ஈரமா?"

இந்தக் கேள்வியில் பாதி நோய் தெரிந்துவிடுகிறது. நாள் முழுக்க, ராத்திரியிலும், ஒரே சீராக நனைந்தால் தண்ணீர் வரும் லைன். அதில்தான் எந்நேரமும் அழுத்தம் இருக்கிறது. குளித்த பிறகோ துணி துவைத்த பிறகோ நனைந்தால் தண்ணீர் போகும் லைன், அல்லது தரைத் தண்ணீர் வடிகிற நானி டிராப்பைச் சுற்றியிருக்கும் பூச்சு, அல்லது டைல்ஸ் இடுக்கு. மழைக்கு மட்டும் நனைந்தால் பிளம்பருக்கு அங்கே வேலையே இல்லை. மாடித் தளமோ வெளிச்சுவரோ விரிந்திருக்கிறது. பதிலுக்கேற்ப ஆள் மாறுகிறார், கூலி மாறுகிறது, உடைக்கும் இடமும் மாறுகிறது. ஒரு வாரம் கூரையைக் கவனித்து நேரத்தைக் குறித்து வைத்த வீட்டுக்காரர், பிளம்பருக்கு வேலையில் பாதியை முடித்துக் கொடுத்துவிடுகிறார்.

அடுத்து சந்தேகப்படுகிற இடம் ஃப்ளஷ் டேங்க். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறீர்களா? மிதவை ஒன்று தண்ணீரோடு ஏறி, வால்வை மூடுகிறது. அடியில் ரப்பர் வாஷர் ஒன்று ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சின்ன பட்டனுக்கு மூன்று லிட்டர், பெரிய பட்டனுக்கு ஆறு லிட்டர் என்பது பரவலான கணக்கு. அந்த ரப்பர் கொஞ்சம் தேய்ந்தால், சத்தமே இல்லாமல் தண்ணீர் கோப்பைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. இதைப் பிடிக்க பிளம்பர் அண்ணன் சமையலறைப் பக்கம் போய்க் கேட்டது என்ன தெரியுமா? சொட்டு நீலம்! வெள்ளை வேட்டிக்குப் போடுகிற அதே சொட்டு நீலம். டேங்கில் நாலைந்து சொட்டு விட்டுவிட்டு, யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் கால் மணி நேரம் காத்திருந்தோம். கோப்பையில் மெல்ல மெல்ல நீலம் இறங்கியது. "வாஷர் தேஞ்சிருச்சு" என்றார். வீட்டுப் பாட்டி கைதட்டினார். நானும்தான்.

கண்ணுக்குத் தெரிகிற சொட்டும் லேசுப்பட்டதில்லை. சமையலறைக் குழாயில் நொடிக்கு ஒரு சொட்டு விழுகிறது என்று வையுங்கள். சொட்டு ஒன்று கால் மில்லி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. கூட்டிப் பார்த்தால் 21 லிட்டருக்கு மேல். வருஷத்துக்கு ஏறக்குறைய 7,900 லிட்டர். கோடையில் 9,000 லிட்டர் லாரிக்கு ஃபோன் போட்டுக் காத்துக் கிடக்கிற ஊரில், அந்த லாரியின் பெரும்பகுதி ஒரு ரப்பர் துண்டுக்காக சிங்க்கில் போய்விடுகிறது. அந்த ரப்பர் வாஷர் பத்திருபது ரூபாய்க்குக் கிடைக்கும்.

சுவருக்குள் இருக்கும் லைனைச் சோதிப்பது இன்னும் விறுவிறுப்பு. எல்லாக் குழாய்களையும் கழற்றிவிட்டு முனைகளில் பிளக் போட்டு இறுக்குகிறார்கள். ஒரு முனையில் மட்டும் கைப் பம்பையும் அழுத்தமானியையும் மாட்டுகிறார்கள். தம்பி ஒருவர் பம்பை அடிக்க அடிக்க முள் ஏறுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து கிலோ. பம்பின் வால்வை மூடிவிட்டு எல்லாரும் முள்ளையே பார்க்கிறோம். மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார் வீட்டுக்காரர், ஏனென்று அவருக்கே தெரியாது. முள் நின்றால் லைன் சுத்தம். இறங்கினால் எங்கேயோ ஓட்டை. எங்கே என்று கண்டுபிடிக்க, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சுவரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார் அண்ணன். "நீங்களும் கேளுங்க" என்று என்னிடம் நீட்டினார். மெலிதான ஒரு "ஸ்ஸ்ஸ்". சுவர் பேசுகிறது!

கழிவு லைனுக்கு வேறு வைத்தியம். நானி டிராப்பைத் துணியால் அடைத்துக் குளியலறைத் தரையில் இரண்டங்குலத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுவைப்பார்கள். கீழே நனைந்தால் தரைப்பூச்சில் விரிசல். நனையாவிட்டால் துணியை எடுத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்ப்பார்கள். அப்போது நனைந்தால் குழாயில் ஓட்டை. பொறுமையைத் தவிர இதற்குச் செலவே இல்லை. இதைச் செய்யாமல் முழு பாத்ரூமையும் பெயர்த்துப் போட்ட வீடுகள் உண்டு. அதைக் கேட்டால் வயிறு எரிகிறது.

பைக்குள் இருக்கிற அதிசயங்கள்

பிளம்பர் பையைக் கொட்டச் சொல்லிப் பார்த்தேன். பைப் ரெஞ்ச் இரண்டு, ஆக்ஸா பிளேடு, உளி, சுத்தி, குழாய் வெட்டும் கத்தரி, சால்வென்ட் டப்பா, எம்-சீல், சணல், தடித்த வெள்ளை டேப். அந்த வெள்ளை டேப்பைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. 1938 ஏப்ரல் 6ஆம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், டூபான்ட் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. ஆனால் எடை மட்டும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வழவழவென்று வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்ளான்! நான்ஸ்டிக் தோசைக்கல்லுக்கும் அதுதான் பூச்சு, நம் வீட்டுக் குழாய் மரைக்கும் அதுதான் டேப்.

இந்த டேப்பைச் சுற்றுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. மரையின் வாய் நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் போகும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். இன்னொரு பக்கம், "லீக் ஆகவே கூடாது" என்ற ஆசையில் கனமாகச் சுற்றி ரெஞ்ச் போட்டு முறுக்கினால், பெண் மரை உள்ளுக்குள்ளேயே விரிந்துவிடுகிறது. நாம் முதலில் பார்த்த அந்த மயிரிழைக் கீறல் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான். பொருத்திய அன்றைக்குத் தெரியாது. நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் எட்டிப் பார்க்கும்.

சால்வென்ட்டை நான் வெறும் பசை என்றுதான் நினைத்திருந்தேன். அது பசை இல்லையாம். குழாயின் வெளிப்புறத்தையும் ஃபிட்டிங்கின் உட்புறத்தையும் கொஞ்சம் கரைத்து, இரண்டையும் ஒரே பிளாஸ்டிக்காக உருக்கி இணைத்துவிடுகிறதாம். குழாயைச் செருகிக் கால் சுற்றுத் திருப்பி, அப்படியே அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உடனே கையை எடுத்தால் குழாய் பின்வாங்கும். இணைந்த பிறகு பிரிக்க முடியாது, வெட்டித்தான் எறிய வேண்டும். "எல்போ மட்டும்தானே, ஏன் இவ்வளவு பைப்பு வெட்டுறீங்க?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

நிறத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் யூ.பி.வி.சி., குளிர்ந்த நீருக்கானது. சந்தன நிறம் சி.பி.வி.சி., 93 டிகிரி செல்சியஸ் வரை தாங்கக்கூடியது. கீசர் லைனில் மலிவாகக் கிடைத்ததென்று வெள்ளைக் குழாயைப் போட்டால் அது தளர்ந்து தொய்ந்துவிடும். வீடு கட்டும்போது இந்த ஒன்றையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

பழைய வீடுகளில் இரும்புக் குழாய்தான், துத்தநாகப் பூச்சுப் போட்ட ஜி.ஐ. பைப். அப்படி ஒன்றை என் கண்முன்னால் குறுக்கே அறுத்தார்கள். ஒரு அங்குலக் குழாய். உள்ளே பென்சில் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை! சுற்றிலும் துருவும் உப்பும் அடுக்கடுக்காக இறுகி, பாட்டி வீட்டுச் சுண்ணாம்புக் கலயத்தின் வாய் போல இருந்தது. போர்வெல் தண்ணீரின் கைங்கரியம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கடற்கரையோரத்துப் போர்வெல்கள் பல அந்த எல்லையைத் தாண்டியவை. அந்தச் சுண்ணாம்புதான் ஷவர் கண்களை அடைக்கிறது, கீசரின் எலிமென்ட்டில் வெள்ளை ஓடாகப் படிந்து கரண்ட் பில்லை ஏற்றுகிறது. ஷவருக்கு மருந்து எளிது. ஒரு பாலிதீன் பையில் வினிகரை ஊற்றி, ஷவர் முகம் அதில் முங்குகிற மாதிரி ராத்திரி கட்டிவிட்டால், காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தாலே கண்கள் திறந்துகொள்ளும். பாத்ரூம் ஆசிட்டை ஊற்றாதீர்கள், குரோம் பூச்சு உரிந்துவிடும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்ப்பது இன்னும் மோசம், மூச்சடைக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

வளைந்த குழாய் ஒன்றைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். வாஷ்பேசினுக்கு அடியிலும் கழிப்பறைக் கோப்பைக்குப் பின்னாலும் குழாய் ஏன் பாம்பாக வளைகிறது? அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் மறிப்பது அந்தத் தண்ணீர்தான். 1775இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டரை நூற்றாண்டுக்கு அப்புறமும் அதை மிஞ்ச ஆளில்லை! வெளியூர் போய் வந்தால் வீடு நாறுகிறதா? வளைவில் இருந்த தண்ணீர் காய்ந்திருக்கும். ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் நாற்றம் போய்விடும். இதற்காகப் பிளம்பரை அழைத்து விசிட்டிங் சார்ஜ் கொடுத்தவர்கள் ஏராளம்.

பில்லைப் பிரிப்போம்

இப்போது காசு. சென்னையில் சாதாரணமாகக் கேட்கிற தொகையைச் சொல்கிறேன். ஏரியாவுக்கு ஏரியா, ஆளுக்கு ஆள் கொஞ்சம் ஏறும், இறங்கும். வந்து பார்க்க முந்நூறிலிருந்து ஐந்நூறு. வாஷர், ஸ்பிண்டில், ஆங்கிள் காக் மாதிரி வெளியில் தெரிகிற வேலை எதுவானாலும் பொருளோடு சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்துவிடும். ஃப்ளஷ் டேங்க் உள்பாகங்களும் அப்படித்தான். அடைப்பு எடுக்க ஐந்நூறிலிருந்து ஆயிரத்தைந்நூறு.

ஆனால் சுவருக்குள் இருக்கிற அந்த எல்போ? பிளம்பர் கூலி ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரத்தைந்நூறு. மூடுவதற்குக் கொத்தனார் ஒரு நாள், ஆயிரத்துக்கு மேல். அவருக்குக் கை உதவிக்குச் சித்தாள், எழுநூறு எண்ணூறு. சிமென்ட், மணல், வாட்டர்புரூஃப் கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் பக்கம். ரப்பிஷ் அள்ள ஐந்நூறாவது கொடுக்க வேண்டும். கீழ்வீட்டுக் கூரையைச் சுரண்டிப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க மூவாயிரத்துக்குக் குறையாது. கூட்டிப் பாருங்கள். நோயைக் குணமாக்கும் பொருளுக்கு நூற்றைம்பது. மற்றதெல்லாம் நோய் இருக்கும் இடத்துக்குப் போய்த் திரும்பி வரும் செலவு!

அதிலும் டைல்ஸ் ஒரு தனி வேதனை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒட்டிய டிசைன் இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. பாரிமுனைப் பக்கம், செம்புதாஸ் தெருப் பக்கம் என்று வீட்டுக்காரர்கள் உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு சுவர் முழுக்கப் புது டைல்ஸ் என்று முடிவாகும். அங்கேதான் பத்தாயிரம் இருபதாயிரமாகிறது.

ஹார்டுவேர் கடை ஓர் ஆனந்தமான இடம். "முக்காலுக்கு அரை ரெட்யூசர் ஒண்ணு, எம்.டி.ஏ. ரெண்டு, பித்தளை எல்போ ரெண்டு, டெஃப்ளான் நாலு" என்று அண்ணன் சொல்லி முடிப்பதற்குள், கடைப் பையன் அண்ணாந்துகூடப் பார்க்காமல் நூறு டப்பாக்களுக்குள் கைவிட்டு அத்தனையையும் மேஜையில் பரப்பிவிட்டான். அங்கே அண்ணன் எனக்கு இரண்டு குழாய்களை இரண்டு கையிலும் கொடுத்தார். பளபளப்பு ஒன்றேதான். ஒன்று கனம், பித்தளை. இன்னொன்று லேசு, மலிவான கலவை உலோகம். "இந்த லேசு சாமான் நம்ம உப்புத் தண்ணிக்கு ரெண்டு வருஷம் நிக்காது சார். ஆனா கஸ்டமரு விலைய மட்டும்தான் பாக்குறாரு."

பொருளில் பிளம்பருக்குக் கமிஷன் வருகிறதே என்று சந்தேகப்படுகிறவர்கள், அவரோடு கூடவே கடைக்குப் போய் பில் போட்டு வாங்கிவிடலாம். ஆனால் அவர் கடைக்கு வந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். பத்து நிமிஷ வேலைக்கு நானூறா என்று கேட்கும் முன்னால், அந்தப் பத்து நிமிஷத்துக்காக அவர் டிராஃபிக்கில் தாண்டி வந்த தூரத்தையும், தப்பான டைல்ஸை உடைக்காமல் சரியான இடத்தில் உளி வைக்க அவர் பழகிய வருஷங்களையும் நினைத்துப் பாருங்கள். கைத்திறனுக்குத் தரும் காசுதான் உடைப்புச் செலவை மிச்சப்படுத்துகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பேரமே கூடாது. செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால், "ஒரு ஆளை இறக்கிடலாம்" என்று யாராவது சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கே மரத்துப்போகும், ஆபத்து வாசனையாகக்கூடத் தெரியாது. பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலைக்கு அமர்த்தியவர் வீட்டுக்காரராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். ஒரு மனிதர் உயிரோடு வீடு திரும்புவதற்கு மேல் எந்தச் சிக்கனமும் கிடையாது.

ஒரே ஒரு டைல்ஸ்

இத்தனை வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த வீடு ஒன்று உண்டு. அங்கேயும் அதே மாதிரி கசிவுதான். பிளம்பர் உளியை எடுத்ததும் வீட்டுக்காரர் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்து வந்தார். வீடு கட்டும்போது, டைல்ஸ் ஒட்டும் முன்னால், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பைப் பக்கத்தில் பிடித்தபடி படம் எடுத்து வைத்திருக்கிறார்! தரையிலிருந்து எல்போ எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அங்குலம், எல்லாம் படத்தில். காடி வெட்டிக் குழாய் பதித்த தடம் அப்படியே தெரிகிறது. பிளம்பர் அண்ணன் அந்தப் படத்தைக் கையில் வாங்கி ஒரு நிமிஷம் ஒன்றுமே பேசவில்லை. அப்புறம், "சார், எல்லா வீடும் இப்படி இருந்தா எனக்கு ஆயுசு கூடும்" என்றார். அளந்தார். ஒரே ஒரு டைல்ஸை மட்டும் வெட்டி எடுத்தார். எல்போ அங்கேதான் இருந்தது! பரணில் பத்திரமாக வைத்திருந்த மீதி டைல்ஸ் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து ஒட்டியதும், எங்கே உடைத்தார்கள் என்றே தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது. செலவு மற்ற வீடுகளில் ஆனதில் பாதிகூட இல்லை.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்களே, டைல்ஸ்காரர் வருவதற்கு முந்தின நாள் ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். படம் பிடியுங்கள். பிரஷர் டெஸ்ட் எடுக்காமல் பூச விடாதீர்கள். ஒவ்வொரு டிசைனிலும் ஒரு பெட்டி டைல்ஸ் மிச்சம் வையுங்கள். ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு கேளுங்கள், ஒரு குழாய் பழுதானால் மொத்த வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்தும் தொல்லை இருக்காது.

புது ஃபிளாட் வாங்கியவர்களுக்கு இன்னொரு சேதி. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் பொருந்துகிற திட்டமாக இருந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் வேலைத் தரத்தில் குறை தெரிந்து நீங்கள் எழுத்தில் சொன்னால், 30 நாளுக்குள் கட்டுநர் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும். சுவருக்குள் கசியும் ஜாயின்ட்டையும் அந்தக் குறைகளில் ஒன்றாகக் கேட்கலாம். மின்னஞ்சலில் படத்தோடு எழுதுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள்.

கட்டி முடித்த பழைய வீட்டில் இருப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மொட்டை மாடிக்கு ஏறி, உங்கள் வீட்டுக்கு இறங்கும் கேட் வால்வு எது என்று கண்டுபிடியுங்கள். மூடிப் பாருங்கள், எந்தக் குழாய் நிற்கிறது என்று கீழே ஒருவரை நிறுத்திக் கேளுங்கள், பெயிண்ட்டால் அதன் பெயரை எழுதிவையுங்கள். வாஷ்பேசினுக்கும் கழிப்பறைக்கும் அடியில் இருக்கும் ஆங்கிள் காக்குகளையும் மாதம் ஒரு தடவை மூடித் திறந்து விடுங்கள், உப்பு இறுகாது. எதுவாவது அசையவில்லையென்றால் மல்லுக்கட்ட வேண்டாம், கழுத்து முறிந்தால் வீடு குளமாகிவிடும். அடுத்த முறை பிளம்பர் வரும்போது முதல் வேலையாக அதை மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.